தாத்தா எந்தக் கவுன்டி?

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒருநாள் டீ நேரத்தில் சொன்னார்: “அமெரிக்காவுல ஒரு குப்பியில எச்சில் துப்பி அனுப்பிட்டா போதும் சார். ஏழு தலைமுறைப் பேரையும் அச்சடிச்சு அனுப்பிடறான்.” அவருடைய மருமகன் டல்லாஸில் இருப்பதால் அன்று அந்த மேசையில் அதை மறுத்துப் பேச ஆளில்லை. நான் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அமெரிக்கப் பழைய பதிவேடுகளின் படங்களைப் பார்த்து டைப் அடிக்கிறவன் என்பது அவருக்குத் தெரியும். “அதான் எல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்கே, நீங்க எதுக்கு?” என்றார். கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் யாரோ ஒருவர் கண்ணைச் சுருக்கிப் படித்து ஏற்றியதுதான் என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள் டீ ஆறிவிட்டது, அவரும் எழுந்துவிட்டார்.

அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் வம்சாவளி தேடுவது என்றால் என்ன, அதைக் கவுன்டி கவுன்டியாக ஏன் செய்கிறார்கள், சம்பளம் வாங்காத ஊர்க்காரர்களுக்கு அதில் என்ன வேலை? அமெரிக்க வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாழ்க்கையில் ஒரு தடவை பத்திரம் பதியப் போயிருந்தால் பாதி விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மரமா, தாய்ப்பத்திரமா?

வம்சாவளி என்றதும் மனதில் வருவது மரம். அடியில் கொள்ளுத்தாத்தா, கிளைகளில் பேரன் பேத்திகள். சட்டம் போட்டு மாட்டலாம். ஆனால் அது வேலை முடிந்த பிறகு வரைகிற படம். வேலை எப்படி இருக்கும் என்றால், மனை வாங்குவதற்கு முன் வக்கீலிடம் பத்திரக் கட்டைக் கொடுத்துக் கருத்துக் கேட்கிறோமே, அந்த மாதிரி இருக்கும்.

வக்கீல் என்ன செய்வார்? விற்கிறவர் பெயரில் உள்ள பத்திரத்தை முதலில் எடுப்பார். இவருக்கு இது எப்படி வந்தது என்று பார்த்துத் தாய்ப்பத்திரத்தைக் கேட்பார். பிறகு அதற்கும் முந்தையதைக் கேட்பார். நடுவில் ஒருவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று எங்கே என்பார். வாரிசுகளில் ஒரு மகள் கையெழுத்துப் போடவில்லையே என்று அங்கேயே நின்றுவிடுவார். “ஊர்ல எல்லாருக்கும் தெரியும் சார், அது எங்க நிலம்தான்” என்பது அவரிடம் செல்லாது.

வம்சாவளி ஆய்வு என்பது மனிதர்களுக்குத் தாய்ப்பத்திரம் தேடுவது. இன்னார் இன்னாருடைய மகன் என்று சொல்லும் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சான்று வேண்டும். நம்மிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கித்தான் போக வேண்டும். புகழ்பெற்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவரிலிருந்து நம்மிடம் இறங்கி வரக் கூடாது. அப்படி இறங்கி வந்து, தாங்கள் ஜார்ஜ் வாஷிங்டனின் நேரடி வாரிசு என்று நம்பிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. வாஷிங்டனுக்குப் பிள்ளையே கிடையாது.

ஏன் கவுன்டி?

அமெரிக்காவின் மாநிலங்கள் கவுன்டிகளாகப் பிரிந்திருக்கின்றன. மொத்தம் 3,100-க்கு மேல். (லூசியானாவில் அதற்குப் பாரிஷ் என்று பெயர், அலாஸ்காவில் பரோ.) டெக்சாஸில் 254, கென்டக்கியில் 120, டெலாவேரில் வெறும் 3. நம் மாவட்டம் மாதிரி என்று சொல்லிவிடலாம், ஆனால் அளவை வைத்துப் பார்த்தால் ஒப்பீடு சரிவராது. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் சுமார் 1 கோடிப் பேர் இருக்கிறார்கள். டெக்சாஸின் லவிங் கவுன்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர்.

முக்கியமான விஷயம் அளவு இல்லை, அலுவலகம். பெரும்பாலான கவுன்டிகளுக்கு ஒரு தலைமை ஊர், அதில் கோர்ட்ஹவுஸ் என்ற ஒரு கட்டடம். பெயரைப் பார்த்து நீதிமன்றம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. நம்மூர் சார்பதிவாளர் அலுவலகம், தாலுகா ஆபீஸ், கோர்ட் மூன்றையும் ஒரே கூரைக்குள் வைத்தால் எப்படியிருக்கும், அது. நிலம் விற்றால் அங்கேதான் பதிவு. கல்யாண உரிமம் அங்கே. உயில் அங்கே. வரிப் பட்டியல், கடன் வழக்கு, அநாதைப் பிள்ளைக்குக் காப்பாளர் நியமனம் எல்லாம் அங்கே.

“பிறப்பு இறப்புச் சான்றிதழைப் பார்த்தால் முடிந்ததே” என்று தோன்றும். பல மாநிலங்களில் மாநிலம் முழுக்கப் பிறப்பு, இறப்பு பதிவது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நிலைத்தது. கென்டக்கியில் அது 1911. 1852-லிருந்து ஒரு பத்து வருடம் முயன்று பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். ஆகவே 1840-ல் இறந்த ஒருவருக்கு இறப்புச் சான்றிதழ் என்ற ஒன்றே கிடையாது. அவர் நிலம் வாங்கியிருப்பார், வரி கட்டியிருப்பார், யாருக்காவது சாட்சி போட்டிருப்பார். அந்தக் காகிதங்கள் பெரும்பாலும் அந்தந்தக் கவுன்டியோடுதான் இருக்கும். அதனால்தான் இந்தத் துறையில் யாரிடம் போய் உதவி கேட்டாலும் அவர்கள் பெயரைக் கேட்டு முடித்ததும் கேட்கும் அடுத்த கேள்வி, “எந்தக் கவுன்டி?”

இதுவரை பார்த்தது: வம்சாவளி என்பது ஒவ்வொரு கண்ணிக்கும் சான்று தேடுவது. பழைய சான்றுகளில் பெரும்பகுதி கவுன்டி அலுவலகத்தில் பிறந்தவை. ஆகவே தேடலும் கவுன்டி வாரியாகவே நடக்கிறது.

சம்பளமில்லாத குமாஸ்தாக்கள்

1996-ல் கென்டக்கியில் வம்சாவளி ஆர்வலர்கள் சிலர் ஒரு ஏற்பாடு செய்தார்கள். மாநிலத்தின் 120 கவுன்டிகளையும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வது, அந்தக் கவுன்டி பற்றிக் கிடைக்கும் பதிவுகளையெல்லாம் இணையத்தில் இலவசமாகப் போடுவது. அதே ஆண்டுக்குள் அது மற்ற மாநிலங்களுக்கும் பரவி, யுஎஸ்ஜென்வெப் என்ற பெயரில் நாடு தழுவிய திட்டமாகிவிட்டது. அதற்கு முன்பும் கவுன்டி வரலாற்றுச் சங்கங்கள், நூலகத்தில் வம்சாவளிக்கென்று தனி அறை, கல்லறைப் பெயர்களைத் தட்டச்சு செய்து கட்டிய புத்தகங்கள் எல்லாம் இருந்தன. இணையம் வந்தபின் ஆயிரம் மைல் தள்ளி இருப்பவரும் கைகொடுக்க முடிந்தது.

இவர்கள் உங்கள் தாத்தாவைக் கண்டுபிடித்துத் தருகிறவர்கள் என்பது பரவலான எண்ணம். அவ்வப்போது ஒரு பக்கத்தைப் பார்த்துச் சொல்வார்கள், அவ்வளவுதான். இவர்களுடைய உண்மையான உற்பத்தி மூன்று சரக்கு. முதலாவது அடைவு. புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று இருக்குமே, அதுபோல எந்தப் பெயர் எந்தப் பதிவேட்டில் எந்தப் பக்கம் என்று காட்டும் பட்டியல். இரண்டாவது படியெடுப்பு. மூலத்தில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து, பிழைக்குப் பிழை அப்படியே எழுதுவது. மூன்றாவது சாரம். ஐந்து பக்க உயிலில் சட்ட வாசகங்களைத் தள்ளிவிட்டு, யார் யாருக்கு எதைக் கொடுத்தார் என்பதை மட்டும் எடுப்பது.

மூன்றும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அடைவு என்பது வழிகாட்டிப் பலகை. “திருச்சி 40 கி.மீ.” என்ற பலகையைப் பார்த்துவிட்டு மலைக்கோட்டை ஏறிவிட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. வம்சாவளியில் மட்டும் அடைவில் பெயரைப் பார்த்ததும் தாத்தா கிடைத்துவிட்டார் என்று இனிப்பு வாங்கிவிடுகிறார்கள்.

படியெடுப்பது எவ்வளவு வழுக்கும் வேலை என்பதற்கு ஒன்று. 1800-களின் கையெழுத்தில் இரண்டு எஸ் அடுத்தடுத்து வந்தால் முதல் எஸ்ஸை மேலும் கீழும் நீட்டி எழுதுவார்கள். பார்க்க எஃப் மாதிரியே இருக்கும். ஜெஸ்ஸி என்ற பெயர் ஜெஃப்ஸி ஆகத் தெரியும். மிஸ்ஸஸ் என்பதையும் ராஸ் என்ற குடும்பப் பெயரையும் புதிதாக வருகிறவர்கள் படுத்துகிற பாடு சொல்லி முடியாது. என் முதல் வாரத்தில் ஒரே பக்கத்தில் நான் மூன்று ஜெஃப்ஸிகளை உருவாக்கினேன். சரிபார்த்தவர் திட்டவில்லை, ஒரு சிரிப்புக் குறியோடு திருப்பி அனுப்பினார்.

கல்லறைக் கற்களைப் படிப்பது இன்னொரு வேலை. நம் கல்வெட்டு ஆய்வாளர்கள் மைப்படி எடுப்பார்கள். அங்கே சுண்ணாம்புக் கல்லிலும் மணற்கல்லிலும் வெட்டிய எழுத்து மழையில் கரைந்து, தொட்டாலே உதிரும் நிலையில் இருக்கும். முன்பு சவர நுரையைத் தடவி எழுத்தைப் படித்தார்கள். அது கல்லை அரிக்கும் என்று தெரிந்த பிறகு இப்போது கூடாது என்கிறார்கள். ஒருவர் கண்ணாடியைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் கல்லின் மேல் திருப்புவார். மொட்டையாகத் தெரிந்த கல்லில் எழுத்தின் பள்ளங்கள் நிழலாக எழுந்து வரும். இன்னொருவர் அந்த நிமிடத்தில் படம் எடுத்துக்கொள்வார். கல்லில் பிறந்த தேதி பல சமயம் இருக்காது. இறந்த தேதியும் “62 வருடம் 3 மாதம் 4 நாள்” என்ற வயதும் இருக்கும், கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேரனுக்காக யாரும் எழுதவில்லை

பழைய காகிதங்கள் எதுவும் வம்சம் சொல்வதற்காக எழுதப்பட்டவை அல்ல. பணம், நிலம், கடன், வரி, இவற்றுக்காக எழுதப்பட்டவை. உறவு அதில் போகிற போக்கில் விழுந்திருக்கும். அதைப் பொறுக்கத் தெரிவதுதான் திறமை.

பத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். நம் பழைய கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி வரும்: கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே முனுசாமி புன்செய், வடக்கே வாய்க்கால். கென்டக்கிப் பத்திரமும் இதே ரீதிதான். “ஓடை முகத்தில் உள்ள வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கிலிருந்து கிழக்காக 40 பாகை திரும்பி 60 போல் சென்று, இன்னாருடைய மூலையில் உள்ள இரண்டு சர்க்கரை மேப்பிள் மரங்கள் வரை” என்று போகும். போல் என்பது நீள அளவு, ஒரு போல் 16.5 அடி. மரம் எப்போதோ விழுந்திருக்கும். ஆனால் “இன்னாருடைய மூலை” என்ற சொல் இருக்கிறதே, அதில்தான் பொக்கிஷம். ஒரு கவுன்டியின் பழைய பத்திரங்களையெல்லாம் தன்னார்வலர்கள் வரைபடமாக வரைந்து, கிழிந்த காகிதத்தை ஒட்டுவதுபோல விளிம்போடு விளிம்பு சேர்ப்பார்கள். 1810-ல் யார் வேலிக்குப் பக்கத்தில் யார் இருந்தார் என்பது தெரியவரும். அந்தக் காலத்துப் பையன்கள் பெண் தேடி வெகுதூரம் போகவில்லை. குதிரையில் சாயங்காலம் போய் ராத்திரிக்குள் திரும்பும் தூரத்தில்தான் மாமனார் வீடு இருக்கும்.

பத்திரம் தேடும் முறையில் ஒரு வித்தியாசம். நம் வில்லங்கச் சான்றை சர்வே எண் கொடுத்து எடுக்கிறோம். அங்கே பழைய பதிவேடுகளுக்கு ஆள் பெயரில் இரண்டு பட்டியல் இருக்கும்: விற்றவர் வரிசை, வாங்கியவர் வரிசை. இரண்டிலும் பார்க்க வேண்டும். ஒருவர் நிலத்தை விற்றதற்குப் பத்திரம் இருந்து வாங்கியதற்கு இல்லையென்றால், பெரும்பாலும் அது அப்பன் வழி வந்த சொத்து. இல்லாத காகிதமும் ஒரு செய்தி சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வாரிசுகள் சேர்ந்து எழுதிக்கொடுக்கும் பத்திரம். உயில் எழுதாமல் அப்பா இறந்துவிட்டால், நம் ஊரில் விடுதலைப் பத்திரத்தில் அண்ணன் தம்பி, கட்டிக்கொடுத்த அக்கா தங்கை எல்லோரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போடுவார்களே, அதுவேதான். அங்கே பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பின் கணவனின் குடும்பப் பெயர் வந்துவிடும். அதனால் மகள்கள்தான் பதிவுகளில் முதலில் தொலைந்து போகிறவர்கள். இந்த ஒரு பத்திரத்தில் மகள், மருமகன் பெயரோடு திரும்பி வந்து நிற்பாள். கணவன் நிலம் விற்கும்போது மனைவியைத் தனியாக அழைத்து, “உன் சம்மதத்தோடுதானா?” என்று கேட்டு எழுதும் வழக்கமும் இருந்தது. விதவையானால் கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை அவளுக்கு உண்டு, அதை விட்டுக்கொடுக்கிறாளா என்பதற்காக அந்தக் கேள்வி. சட்டத்துக்கு அது ஒரு சடங்கு. நமக்கு அந்தப் பெண்ணின் பெயர் கிடைக்கிற ஒரே இடமாக அது இருக்கக்கூடும்.

திருமணப் பிணைப்பத்திரமும் அப்படித்தான். இந்தக் கல்யாணத்துக்குச் சட்டத் தடை இல்லை, இருந்தால் 50 பவுண்டு கட்டுகிறோம் என்று மாப்பிள்ளையும் இன்னொருவரும் கையெழுத்துப் போடுவது. பணம் கைமாறாது. அந்த “இன்னொருவர்” பெரும்பாலும் பெண்ணின் அப்பா அல்லது அண்ணன். ஆரம்பநிலையில் இருப்பவர்கள் மணமக்கள் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு இவரை விட்டுவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்துத் தலையில் அடித்துக்கொண்டு திரும்ப வருவார்கள்.

சென்சஸில் பேசியது யார்?

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-ல் தொடங்கிப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850-லிருந்து சுதந்திர மனிதர்கள் ஒவ்வொருவர் பெயரும் வருகிறது. தலைவருக்கு இவர் என்ன உறவு என்பது 1880-ல்தான் வருகிறது. ஆகவே 1850 தாளில் ஒரே வீட்டில் இருக்கும் பத்து வயதுப் பையனை மகன் என்று எழுதிவிட முடியாது. தங்கை மகனாக இருக்கலாம், வேலைக்கு வந்த பையனாகவும் இருக்கலாம்.

72 ஆண்டுகள் கழித்துத் தாள்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். 1950 கணக்கெடுப்பு 2022 ஏப்ரல் 1 அன்று வெளியானது. (இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் விவரத் தாள்களை யாரும் பார்க்க வழியில்லை. நாம் இந்த விஷயத்தில் கொடுத்து வைக்காதவர்கள்.) 1940 தாள்கள் 2012-ல் வெளியானபோது 1,60,000-க்கு மேற்பட்ட தன்னார்வலர்கள் உட்கார்ந்து, சுமார் 13 கோடிப் பெயர்களை நான்கைந்து மாதத்தில் அடைவாக்கினார்கள்.

அந்த 1940 தாளில் ஒரு சின்னக் குறி உண்டு. வீட்டில் யார் பதில் சொன்னாரோ அவர் பெயர் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி. மற்ற ஆண்டுகளில் அது இல்லை. வீட்டம்மா சொன்னாரா, திண்ணையில் நின்ற மாமனார் சொன்னாரா, வீடு பூட்டியிருந்ததால் அடுத்த வீட்டுக்காரர் உத்தேசமாகச் சொன்னாரா, தெரியாது. பத்து வருடத்தில் ஏழு வயது மட்டுமே கூடிய பெண்மணிகள் எல்லாக் கவுன்டியிலும் இருக்கிறார்கள்.

1890 தாள்கள் இல்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் அவை இருந்த கட்டடம் தீப்பிடித்தது. நெருப்பும் அணைக்க ஊற்றிய தண்ணீரும் நாசமாக்கியது போக மிஞ்சியதைப் பின்னர் அரசே அழித்துவிட்டது. இன்று சுமார் 6,000 பேர் விவரம்தான் இருக்கிறது. அந்த இருபது வருட ஓட்டையைக் கவுன்டி வரிப் பட்டியலும் பழைய செய்தித்தாளும் வைத்துத்தான் அடைக்கிறார்கள்.

சுருக்கமாக: காகிதத்தில் இருப்பது உண்மை என்று ஆரம்பிக்கக் கூடாது. இதை எழுதியது யார், சொன்னது யார், எதற்காக, எத்தனை கை மாறி என்னிடம் வந்தது என்று கேட்க வேண்டும்.

பெயர் என்ற வழுக்குப்பாறை

“எங்கள் குடும்பப் பெயரை எல்லிஸ் தீவில் அதிகாரி மாற்றி எழுதிவிட்டார்” என்று லட்சக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்கள் சொல்கின்றன. நியூயார்க் துறைமுகத்தில் 1892 முதல் 1954 வரை இயங்கிய குடிவரவு நிலையம் அது. அங்கே அதிகாரிகள் பெயரை எழுதவே இல்லை. கப்பல் புறப்பட்ட ஊரில் தயாரித்த பயணிகள் பட்டியலை வைத்துக்கொண்டு ஆளைச் சரிபார்த்தார்கள். பெயரைப் பிறகு மாற்றிக்கொண்டது பெரும்பாலும் அந்தக் குடும்பமேதான். வேலைக்காக, பள்ளிக்காக, பக்கத்து வீட்டார் வாயில் நுழைவதற்காக.

தாத்தா பெயரின் எழுத்துக்கூட்டலில் பிடிவாதமாக இருப்பதும் இதேபோன்ற பிழை. பேரேட்டில் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார், ஒரே ஆவணத்தில் ஒரே ஆளை மூன்று விதமாக எழுதியிருப்பார். இதற்காகவே சவுண்டெக்ஸ் என்று ஒரு குறியீட்டு முறை உண்டு. பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளி, ஒரேமாதிரி ஒலிக்கும் மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண் கொடுப்பது. ஸ்மித், ஸ்மைத், ஜெர்மன் ஷ்மிட் மூன்றும் எஸ்-530 என்ற ஒரே பெட்டியில் விழும்.

இதற்கு நேர்மாறான சிக்கல், ஒரே பெயரில் இரண்டு பேர். பதிவேட்டில் ஜான் ஸ்மித் சீனியர், ஜான் ஸ்மித் ஜூனியர் என்று இருந்தால் அப்பா மகன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தக் காலத்தில் அதற்கு மூத்தவர், இளையவர் என்று மட்டுமே பொருள். நம்மூரில் பெரிய முருகேசன், சின்ன முருகேசன் என்று சொல்வதில்லையா? இரண்டு பேரும் உறவுகூட இல்லாமல் இருக்கலாம். பெரியவர் இறந்ததும் சின்னவர் சீனியராகிவிடுவார், அடுத்த தெருவில் ஒருவர் ஜூனியராக முளைப்பார். இந்த ஒரு பிழையால் தவறான அப்பாவுக்குப் பிள்ளையான பெரியவர்கள் ஏராளம். ஒருவர் இணைய மரத்தில் போட்டதை நூறு பேர் படியெடுத்திருப்பார்கள். நூறு மரத்தில் இருப்பதால் அது நூறு சான்று ஆகிவிடாது, ஒரே தவறின் நூறு நகல்தான்.

வீடு நகராமலே ஊர் மாறும்

தாம்பரத்தில் ஒரே வீட்டில் நாற்பது வருடம் இருந்தவரின் காகிதங்களைப் பாருங்கள். முதலில் செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல் காஞ்சிபுரம் மாவட்டம். 2019-ல் மறுபடி செங்கல்பட்டு மாவட்டம். மூன்று காகிதத்தை மட்டும் பார்க்கிறவர் இந்த மனிதர் வீடு மாற்றிக்கொண்டே இருந்தார் என்று நினைப்பார்.

கென்டக்கியில் டேனியல் பூன் என்ற எல்லைப்புற முன்னோடி 1775-ல் அமைத்த பூன்ஸ்பரோ குடியிருப்பு அப்போது வர்ஜீனியாவின் ஃபின்காசில் கவுன்டி. 1776 கடைசியில் ஃபின்காசிலையே கலைத்து மூன்றாக்கினார்கள், பூன்ஸ்பரோ கென்டக்கி கவுன்டிக்குள் வந்தது. 1780-ல் கென்டக்கி கவுன்டியும் மூன்றாக உடைய, அது லிங்கன் கவுன்டி ஆனது. சில வருடத்தில் அதிலிருந்து மேடிசன் கவுன்டி பிரிந்தது. 1792-ல் கென்டக்கி வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து தனி மாநிலமானது. ஒருவர் அங்கே குடிசையை விட்டு நகராமல் பதினேழு வருடம் உட்கார்ந்திருந்தால் நான்கு கவுன்டி, இரண்டு மாநிலம் பார்த்திருப்பார். புதுக் கவுன்டி பிரிந்தாலும் பழைய பதிவேடுகள் தாய்க் கவுன்டியிலேயே தங்கிவிடும். ஆகவே மேடிசனில் கிடைக்கவில்லை என்று கைவிட்டவர், லிங்கனில் தேடியிருக்க வேண்டும். கவுன்டித் தன்னார்வலர்கள் முதலில் போட்டுவைக்கும் தகவலே “இந்தக் கவுன்டி எப்போது, எதிலிருந்து பிரிந்தது” என்பதுதான்.

சில இடங்களில் தாய்க் கவுன்டியிலும் இருக்காது. அடிமைமுறையை ஒட்டி வடக்கு, தெற்கு மாநிலங்கள் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போரின்போது (1861–65) வர்ஜீனியாவின் கிழக்குக் கவுன்டிகள் பல, பத்திரமாக இருக்கட்டும் என்று பதிவேடுகளைத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பிவைத்தன. 1865 ஏப்ரலில் நகரத்தைக் கைவிட்டுப் போன தென்னகப் படை கிடங்குகளுக்கு வைத்த நெருப்பு பரவி, அவையும் எரிந்துபோயின. இப்படிப்பட்டதை எரிந்த கவுன்டி என்பார்கள். அங்கே தேடுகிறவர்கள் அடுத்த கவுன்டிப் பத்திரங்களையும், மாநிலத்துக்கு அனுப்பிய வரிப் பட்டியல் நகல்களையும் பிடித்துக்கொண்டு சுற்றிவளைத்துப் போவார்கள்.

1870 என்ற சுவர்

1850-லிருந்து சுதந்திர மனிதர்கள் எல்லோர் பெயரும் வருகிறது என்றேன். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு 1850-லும் 1860-லும் தனித் தாள். அதில் எஜமானர் பெயர் இருக்கும். கீழே வயது, பால், நிறம். பெயருக்குக் கட்டமே இல்லை. கறுப்பின அமெரிக்கர்களில் பெரும்பாலோரின் முன்னோர் பெயரோடு வரும் முதல் கணக்கெடுப்பு 1870. அதற்கு முன்னால் போக முடியாமல் குடும்பங்கள் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இது என்பதால் 1870 சுவர் என்கிறார்கள்.

சுவரைத் தாண்ட உதவுவது பெரும்பாலும் கவுன்டிக் காகிதம்தான். எஜமானர் இறந்ததும் சொத்துக் கணக்கெடுப்பார்கள். அந்தப் பட்டியலில் செம்புக் கொப்பரை, உழவுக் குதிரை, இறகு மெத்தை இவற்றுக்கு நடுவில் ஒரு பெண்ணின் பெயரும் அவள் கைக்குழந்தையின் பெயரும் டாலர் மதிப்போடு இருக்கும். இதை முதல்முறை படியெடுக்கும்போது கை நின்றுவிடும். எனக்கும் நின்றது. ஆனால் எழுத வேண்டும், அந்தப் பெயர் வேறெங்கும் இல்லை. எஜமானர் யாரென்று தெரிந்தால்தான் இந்தப் பட்டியலுக்கே வர முடியும், அதைக் கண்டுபிடிக்க 1870-ல் பக்கத்து வீட்டில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களின் பத்திரங்களையெல்லாம் துழாவ வேண்டியிருக்கும்.

எச்சில் சோதனை உண்மையிலேயே கைகொடுக்கிற இடமும் இது. அந்தச் சோதனை முன்னோர் பெயர் எதையும் சொல்லாது. உங்களோடு மரபணுவைப் பகிர்ந்துகொள்ளும், இன்று உயிரோடிருக்கும், அதே சோதனையைச் செய்துகொண்ட உறவினர்களின் பட்டியலைக் கொடுக்கும். மூன்றாம் நான்காம் சுற்று உறவுகளில் ஒரு கூட்டமே ஒரே கவுன்டியைச் சுட்டினால், எந்தக் கோர்ட்ஹவுஸில் தேடுவது என்பது தெரியும். அதன் பிறகு மறுபடி காகிதம்தான்.

போர் முடியும் தறுவாயில், 1865-ல், விடுதலையானவர்களுக்காக அரசு ஃப்ரீட்மென்ஸ் பீரோ என்ற துறையை அமைத்தது. அதன் கையெழுத்துப் பதிவேடுகளில் இருந்த சுமார் 18 லட்சம் பெயர்களை 2015, 2016-இல் 25,000-க்கு மேற்பட்ட தன்னார்வலர்கள் ஓராண்டில் அடைவாக்கினார்கள். வர்ஜீனியாவில் அந்தத் துறை 1866-ல் கவுன்டி வாரியாக ஒரு பதிவேடு எடுத்தது. அடிமைத்தனத்தில் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியாத தம்பதிகளை வரச்சொல்லி எழுதியது. சில கவுன்டிகளுடையதுதான் மிஞ்சியிருக்கிறது. கணவன் பெயர், வயது, பிறந்த இடம், தொழில், கடைசி எஜமானர். மனைவிக்கும் ஏறக்குறைய அதேபோல. பிள்ளைகள் பெயரும் வயதும். கடைசிக் கட்டத்தில், எந்த ஆண்டிலிருந்து சேர்ந்து வாழ்கிறீர்கள் என்ற கேள்வி. குமாஸ்தா முன்னால் நின்று அவர்கள் சொன்ன ஆண்டுகளில் பல, போருக்கு வெகுகாலம் முந்தியவை.